பின் இருக்கை இல்லாத கார்

ஹனோவரில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் என் தகுதிகாண் காலத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. அதுவரை நான் ஒரு காரைக்கூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டியதில்லை என்று மேலாளர் காலையிலேயே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் விற்கவேண்டியது இரண்டே இருக்கை உள்ள ஒரு குட்டி மின்சாரக் கார். எங்கள் சனம் இதை வாங்குமா? தமிழ்க் கல்யாண மண்டப வாசலில் போய்ப் பாருங்கள், நிற்கும் ஒவ்வொரு காரும் ஒரு வீடு மாதிரி இருக்கும். அதனால்தான் நான் மேலாளரிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். கார் என்பதே புதினமாக இருந்த காலத்தில், பெரிய காரும் சாரதியும் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களிடம் சின்னக் காரை எப்படி விற்றார்கள்? மலிவு என்று வாயே திறக்கவில்லை. ஆள் வைக்க வேண்டாம், உன் காரை நீயே ஓட்டு, அதுதான் பெரிய சுகம் என்றார்கள். அந்தக் காலத்து விளம்பரப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்துக் காருக்குப் பின்னால் இருந்த சுவரில் மாட்டினேன். அதில் தொப்பி போட்ட ஒரு பெண் தன்னந்தனியாகக் குட்டிக் கார் ஓட்டிக்கொண்டு போவாள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு யாழ்ப்பாணத் தம்பதி வந்தார்கள். ஆண்களை முதலில் கவனித்தே வீட்டில் பழகிய பழக்கம் விடுமா? முதல் கதிரை வந்த அண்ணைக்கு, முதல் கோப்பி அண்ணைக்கு, விளக்கமும் அண்ணைக்கே.

"இதுக்குள்ளை அரிசி மூட்டை வைக்க ஏலுமோ, பிள்ளை?" என்றார் அவர். "எயார்போட்டுக்கு ஆக்களைக் கூப்பிடப் போறதெண்டால் என்ன செய்யிறது?"

நான் வியர்த்து விறுவிறுத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, அந்த அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்தார்.

"காணும். வாங்கோ போவம்."

போய்விட்டார்கள். மேலாளர் கண்ணாடி அறைக்குள் இருந்து என்னைப் பார்த்தார். வெட்கத்தை விட்டு வாகனத் தரிப்பிடம் வரைக்கும் ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ! அண்ணைக்கு என்ன பிடிக்கேல்லை எண்டு சொன்னால்..."

"அண்ணைக்கோ?" அக்கா திரும்பினார். "கார் எனக்குப் பிள்ளை. லைசென்ஸ் எடுத்தது நான். காசு சேர்த்தது நான். நீ அவரோடையே கதைச்சுக்கொண்டிருக்கிறாய்."

ஐயோ! கன்னத்தில் அறை விழுந்த மாதிரி இருந்தது. நானே மாட்டிய படத்தை நானே பார்க்கவில்லை. மடைச்சி, மடைச்சி என்று என்னையே திட்டிக்கொண்டு சாவியை நீட்டினேன்.

"நீங்களே ஓடிப் பாருங்கோ, அக்கா. நான் பக்கத்திலை இருக்கிறன்."

"அப்ப நான் எங்கை இருக்கிறது?" என்றார் அண்ணை.

"ரெண்டு சீற்தானே. நில்லுங்கோ, வாறன்" என்று சொல்லி அக்கா கதவைச் சாத்தினார்.

முதல் சந்தியிலேயே சடாரென்று பிரேக் போட்டார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். கார் நசுங்கினால் வேலையும் போய் மானமும் போகும் என்று நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன். அக்கா மூச்சை இழுத்து விட்டுவிட்டு மெதுவாகத் தொடர்ந்தார். கொஞ்ச தூரம் போனபிறகு சொன்னார்.

"எங்கடை வானுக்குள்ளை எனக்கு எப்பவும் பின் சீற்தான். முன்னாலை ஆரேன் ஒரு பெரியாள் இருப்பார். என்ரை மடியிலை சோத்துச் சட்டி இருக்கும். இந்தக் காரிலை பின் சீற்றே இல்லை, என்ன?"

"இல்லை, அக்கா."

"அப்ப இதுதான் எனக்கு வேணும்."

அன்று மாலையே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை மேலாளர் என் கையைக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார்.

காரை எடுக்க வந்த அன்று அண்ணைதான் குனிந்து நான்கு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். பொட்டும் அவரே வைத்தார். வாங்கியவர்களைப் படம் எடுத்து மாட்டுவது எங்கள் நிலையத்தின் வழக்கம். நான் கைபேசியைத் தூக்கியதும் அவர் ஓட்டுநர் கதவில் கை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி நின்றார். உள்ளே உட்கார்ந்திருந்த அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"கொஞ்சம் அங்காலை தள்ளி நில்லுங்கோவன். படத்திலை நான் தெரியவேணும்."