டெல்ஃபினா வாரிய இடம்

எங்கள் தெருவில் பனி கொட்டினால் நாற்காலிகள் முளைத்துவிடும். காரை மூடிய பனியை யார் வாரிக் கொட்டுகிறாரோ, பனி உருகும்வரை அந்த இடம் அவருடையது. வேலைக்குக் கிளம்பும்போது ஓர் ஓட்டை நாற்காலியை நடுவில் போட்டுவிட்டுப் போவார். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற அதே சங்கதிதான். சட்டப்படி தெரு நகராட்சிக்குச் சொந்தம், நாற்காலிக்கு ஒரு மதிப்பும் கிடையாது. ஆனாலும் சிகாகோவில் பிறந்த எவனும் அடுத்தவர் நாற்காலியைத் தொடமாட்டான். தொட்டால் யாராவது ராத்திரியோடு ராத்திரியாகக் குழாயைத் திறந்து அவன் காரைக் குளிப்பாட்டிவிடுவார்கள். காலையில் அது பனிக்கட்டிக்குள் நிற்கும்.

டெல்ஃபினா கான்ட்டூவுக்கு இதெல்லாம் தெரியாது. டெக்சாஸில், பனியே விழாத தெற்கு எல்லையிலிருக்கும் லாரெடோக்காரி. அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி கம்பெனியை மூடியதும், சிகாகோவில் பஸ் டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு பழைய காரில் இரண்டு பெட்டியையும் தமாலே என்கிற மக்காச்சோளக் கொழுக்கட்டை அவிக்கும் பெரிய அண்டாவையும் ஏற்றிக்கொண்டு தனியாக வந்துவிட்டாள். முடி வெட்டும் என் பார்லருக்கு எதிர்வீட்டு மாடியில் குடியேறினாள்.

எங்கள் தெரு ஆட்கள் இருக்கிறார்களே, புது ஆள் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். முதல் கேள்வியே, "எந்த மாதா கோயிலைச் சேர்ந்தவ?" என்பதுதான். இரண்டு தலைமுறையாக ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு உலகமே அந்த மணிச் சத்தம் கேட்கிற தூரம்தான். டெல்ஃபினா, "வேலைக்குப் போற வழியில எது திறந்திருக்கோ அது" என்றாள். அன்றோடு பாதிப் பேர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

அதிகாலையில் டிப்போவிலிருந்து முதல் பஸ்ஸை எடுப்பவள் அவள். முதல் பஸ்ஸை எடுப்பவளை ஏற்றிக்கொண்டு போக எந்த பஸ் வரும்? கார் இருந்தாக வேண்டும், அதுவும் வாசலில். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. போன பனிக்கு எங்கேயோ தூரத்தில் காரை நிறுத்தி, விடியுமுன் அதைத் தோண்டி எடுக்கப் போய்த் தாமதமாகி, எச்சரிக்கை வாங்கியிருந்தாள். இன்னொரு தடவை தாமதமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஜனவரியில் பெரும்பனி விழுந்தது. மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையிலிருந்து கடப்பாறை போட்டு உடைக்கிற மாதிரி உடைத்து, இடுப்பளவு பனியை வாரினாள். மண்வாரியின் பிடி முறிந்தது. என்னுடையதைக் கடன் வாங்கி வாரி முடித்தாள். அடுத்த நாள் வேலைக்குப் போனாள், நாற்காலி போடாமல். தெருவில் கிடந்த மற்ற நாற்காலிகளை யாரோ வீசிய பழைய சாமான் என்று நினைத்திருப்பாள். சொல்லித் தர எனக்கும் தோன்றவில்லை. நாற்காலி போடத் தெரியாத ஒரு மனுஷி உலகத்தில் இருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

மத்தியானம் திரும்பி வந்தால், அவள் இடத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. டெல்ஃபினா காரை அந்த இடத்தை ஒட்டி, மற்ற வண்டி போக வழி விட்டு நிறுத்தி, விளக்கைச் சிமிட்டவிட்டு இறங்கினாள்.

"இது யாரு நாற்காலி?"

அவளுக்குப் பக்கத்து வீட்டு லியோ மிகுல்ஸ்கி வாசலுக்கு வந்தான். "என்னோடதும்மா. ஏன்?"

"இந்தப் பனியை வாருனது நான்."

"வாருனா ஆச்சா? நாற்காலி போட்டியா? போடலைன்னா அது ஊர்ச் சொத்து. மொறை தெரியாம எங்க ஊருக்கு எதுக்கு வந்தே?"

"வேலைக்கு வந்தேன்."

"அப்ப வேலையைப் பாரு. சாயங்காலம் என் மச்சான் மேட்ச் பாக்க வர்றான். அவனுக்கு இடம் வேணும். நாற்காலியைத் தள்ளிட்டுக் காரை விட்டே, காலையில அது பனிக்கட்டிக்குள்ள நிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லியோவின் வண்டி ஏற்கெனவே அவன் இடத்தில் நிற்கிறது. பின்சந்தில் கார் நிறுத்த ஒரு கொட்டகை வேறு இருக்கிறது, அதில் நிறைய ஓட்டை உடைசலைப் போட்டு வைத்திருக்கிறான். மச்சானுக்கு இவள் வாரிய இடமா?

டெல்ஃபினா சத்தம் போடவில்லை. நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள். சீருடைக் கோட்டின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.

"எந்திரி."

"உங்க நாற்காலிதானே, வலுவாத்தான் இருக்கு."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க சார். வந்ததும் முதல்ல உங்க நாற்காலியத்தான் தூக்கிப் போடுவாங்க."

ஜன்னல்கள் திறந்தன. என் பார்லரில் தலைக்குச் சாயம் பூசியிருந்த அம்மாள், சாயத்தோடே வாசலுக்கு வந்துவிட்டாள். பொழுது சாய்ந்தது, குளிர் எலும்பில் இறங்கியது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உள்ள வந்து உக்காரு டெல்ஃபினா. வெறைச்சுப் போயிருவே."

"உள்ள வந்தா இடம் போயிரும் அக்கா. இடம் போனா வேலை போயிரும்."

மச்சான் வந்து சேர்ந்தான். ஹாரன் அடித்தான். அவள் தமாலேயைக் கடித்துக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

லியோ கையைப் பிசைந்தான். "இன்னும் எவ்வளவு நேரம்தாம்மா இப்படியே உக்காந்திருப்பே?"

"நான் பஸ் டிரைவர் சார். குளிர்லயும் ஒண்ணுக்குப் போகாம, எந்திரிக்காம உக்காந்திருக்கறதுதான் என் பொழப்பு. இதுல என்னை ஜெயிக்கப் பாக்காதீங்க."

தெருவே சிரித்தது. மச்சானும் சிரித்துவிட்டான். நான் விடவில்லை. "லியோ, அந்த இடத்துல நீ ஒரு கை பனியாச்சும் வாருனியா? அதைச் சொல்லு முதல்ல!"

நாற்காலி எல்லாம் அப்புறம்தானே, வாருவதில்தானே உரிமை தொடங்குகிறது. அது லியோவுக்கும் தெரியும். மச்சான், "நான் ரேடியோவுலயே மேட்ச் கேட்டுக்கறேன்டா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டெல்ஃபினா எழுந்து, நாற்காலியிலிருந்த பனியைத் தட்டி லியோவின் கையில் கொடுத்தாள். காரை உள்ளே விட்டாள். நான் என் இஸ்திரி மேஜையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"நாளைக்கு இதைப் போட்டுட்டுப் போ."

"எதுவும் போடமாட்டேன் அக்கா. இது யாரு வாருன இடம்னு இப்பத் தெருவுக்கே தெரியும். தெரிஞ்சும் நிறுத்தறவன் நிறுத்தட்டும். வந்து பேசிக்கறேன்."

திமிர்தான். நல்ல திமிர்.

மறுநாள் எனக்கு வேலையே ஓடவில்லை. கையில் கத்தரிக்கோல், கண் தெருவில். தெரு முழுக்க நாற்காலி, வாளி, ஏணி, யாரோ வைத்த மாதா சிலைகூட. நடுவில் அந்த ஒரு இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. மத்தியானம் ஒரு வெளியூர்க் கார் மெல்ல வந்து, அதில் நுழையப் பார்த்தது. நான் கதவைத் திறப்பதற்குள் லியோ செருப்பு மாட்டாமல் வெறும் காலுறையோடு பனியில் ஓடினான்.

"ஏய், ஏய்! அங்க நிறுத்தாதே!"

"ஏன் சார்? ஒண்ணும் போடலையே. காலியாத்தானே கிடக்கு?"

"காலி இல்லைய்யா. அந்தம்மா வேலைக்குப் போயிருக்கா."