நான்கு டயர்களும் ஒரு நற்சான்றும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சுங்கைப்பட்டாணிக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தின் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். சென்னையில் கல்லூரியில் பயின்று பௌதிகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பியவன். தோட்டத்துத் தொழிலாளி எவனாவது வெளியே வேலை தேடிச் சென்றால், அவனுக்குரிய நற்சான்றுக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து நானே கையெழுத்திடுவேன். மேலாளர் அப்பொறுப்பை என்னிடமே விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபையில் வேதபாடம் வாசிப்பவனும் நானே. நான் சொன்ன சொல்லை அதுவரை எவரும் மறுத்துப் பேசியதில்லை. இவற்றையெல்லாம் சொல்லாவிட்டால் பின்னர் நடந்தது விளங்காது.

தோட்டத்துக்கு வெளியே, பாக்கார் ஆராங் என்னும் பகுதியில் வரிசை வீடொன்றில் குடியிருந்தேன். தோட்டம் தன் பழைய வண்டிகளைக் கழித்தபோது, நான்கு சக்கரங்களாலும் இழுத்துச் செல்லும் வண்டி ஒன்றை நான் வாங்கிக்கொண்டேன். சாதாரணமாக அதன் பின்சக்கரங்களே வண்டியைத் தள்ளும். சேறு, மணல் என்று வந்தால் ஓட்டுநரின் பக்கத்திலுள்ள குட்டைக் கியரை இழுக்க வேண்டும், முன்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும். பதினைந்து வயதைத் தாண்டிய அந்த வண்டியை நான் பட்டறைக்கு அனுப்பியதில்லை. கையேட்டை வைத்துக்கொண்டு வீட்டு முகப்பிலேயே எல்லாம் செய்வேன். முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் சின்னக் கியர்பெட்டிக்கு எண்ணெய் மாற்றும் வேலையை மட்டும் தோட்டத்துப் பட்டறையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டரிடம் விடுவேன். அங்கே வண்டிக்கடியில் நின்று வேலை செய்யக் குழி இருந்தது.

அந்த மாதம் இரண்டு புது டயர்கள் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் புது டயர் என்றால் முன்னால்தான் போடுவார்கள்; திருப்பும் சக்கரம் வழுக்கக்கூடாது என்பது எல்லாரும் ஏற்ற வழக்கம். நானும் முன்னால் போட்டேன். பின்னால் தேய்ந்த செலாப் டயர்கள், அதாவது பழைய டயருக்கு மேல்தோல் ஒட்டியவை, அப்படியே இருந்தன. மறு வாரம் பிட்டர் எண்ணெய் மாற்றிக் கொடுத்தான். அதே வாரத்தில் அவன் என் மேசைக்கு முன் வந்து நின்று ஒரு விண்ணப்பம் வைத்தான். ஜித்ராவில் அரசாங்கப் பட்டறையொன்றில் செவ்வாய்க்கிழமை நேர்முகம். தோட்டத்து நற்சான்று இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். தோட்டத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு மூன்று பிள்ளைகள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். கடிதத்தைத் தட்டச்சு செய்து வைத்தேன். திங்கட்கிழமை கையெழுத்திட்டுத் தருவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை போதகரையும் சபைப் பொருளாளரையும் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்குச் சென்றேன். அங்கே எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கரையோர மணலில் குட்டைக் கியரை இழுத்தேன். வண்டி சிறப்பாக ஏறியது. திரும்புகையில் தார்ச்சாலைக்கு வந்து சிறிது தூரம் ஓட்டிய பிறகு கியரை விடுவிக்க முயன்றேன். அது அசையவில்லை. வண்டி கனத்தது. திருப்பத்தில் டயர்கள் கீச்சிட்டன. அடியிலிருந்து முனகல் எழுந்தது. எண்ணெய் கருகும் வாடை வந்தது. கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே வண்டி இறுகி நின்றது. வெள்ளை அங்கியோடு போதகர் இறங்கி ஓரமாக நின்றார். கடையிலிருந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

பொருளாளர் எனக்கு இளையவர்; வாய் அடங்காதவர்; காரை மலாய்ச் சொல்லால் கெரேத்தா என்பவர். "என்னண்ணே, நாலு சக்கரமும் இழுக்குற கெரேத்தான்னு சொன்னீங்க. இப்ப நாலு பேரு தள்ளணும் போலருக்குலா!"

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. "இந்த வாரம்தான் பிட்டர் எண்ணெய் மாற்றினான். தப்பான எண்ணெயை ஊற்றிக் கெடுத்துவிட்டான்" என்றேன். அது அங்கிருந்த எல்லாருடைய காதிலும் விழும்படி சொல்லப்பட்டது.

"அந்த ஆளா? நல்ல கைன்னுல்ல பேரு" என்றார் பொருளாளர்.

"பேர் வேறு, வேலை வேறு" என்றேன்.

லாரி ஒன்று வண்டியைப் பின்னுக்கு இழுத்துச் சற்று இளக்கிவிட்டதால், நடை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம். குட்டைக் கியர் மட்டும் சிக்கியபடியே இருந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வீடு திரும்பியபோது பிட்டர் என் வாசற்கதவுக்கு வெளியே வெயிலில் நின்றிருந்தான். செய்தி லயங்களுக்குப் போய்விட்டிருந்தது.

"ஐயா, நான் சரியான எண்ணெயத்தான் ஊத்துனேன். டின்னு கூட பட்டறையில இருக்கு. வண்டிய ஒரு வாட்டி பாக்க விடுங்க."

"நானே பார்த்துக்கொள்வேன்."

"அப்ப கடுதாசி, ஐயா?"

"வண்டியைப் பார்த்த பிறகு."

அவன் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தான். "என் பேரு கெட்டுப்போச்சுன்னா ஜித்ராவுல மட்டும் இல்லைங்க, எங்கயும் எடுக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

ஓய்வுநாளில் நான் கருவிகளைத் தொடுவதில்லை. அன்று தொட்டேன். அக்கம்பக்கத்தார் காணாதிருக்க முகப்புக் கம்பியில் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். முதலில் சின்னக் கியர்பெட்டியின் அடைப்பைத் திறந்து விரலை விட்டேன். குற்றம் அங்கேதான் இருக்கும் என்று நம்பினேன். இருக்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி. எண்ணெய் விளிம்புவரை நின்றது. சூடேறியதால் சற்று வாடை இருந்ததே தவிர, கையேடு சொல்லும் அதே தடிப்பு. இரும்புத்தூள் இல்லை. கியரையும் பெட்டியையும் இணைக்கும் கம்பிகளைப் பார்த்தேன். வளையவில்லை, துருவில்லை. எண்ணெய் குற்றமற்றது. அப்படியானால் அந்தச் சாப்பாட்டுக் கடைக்கு முன்னால் நான் சொன்னது என்னவாகிறது? அடைப்பை இறுக்கி மூடினேன்.

பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் இடது சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தினேன். டயர் தரையைவிட்டு எழும்பிய அதே கணத்தில் உள்ளே படீரென்று ஓர் ஓசை. சக்கரம் தானாகவே கால்சுற்றுச் சுற்றி, ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த திருகுச்சாவியைத் தட்டி எறிந்தது. அது சுவரில் மோதி விழுந்தது. ஒரு நொடி முன்னால் அங்கே என் கை இருந்தது.

மனைவி ஓடி வந்தாள். "என்னங்க! அடிபட்டுதா?"

"இல்லை."

குட்டைக் கியரைத் தொட்டேன். ஒரு விரலுக்கே இளகி வெளியே வந்தது. பெட்டியில் பழுதில்லை, முறுக்கிப் பிடித்த கயிறுபோல ஏதோ ஒன்று முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் இறுகிக்கிடந்து, இப்போது அவிழ்ந்திருந்தது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றினால் முறுக்கு ஏன் ஏற வேண்டும்? பட்டம் பெற்றவன் அக்கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

மனைவி அங்கேயே நின்றிருந்தாள். "பின்னால இருக்கிறது குள்ளமா தெரியுதே" என்றாள்.

அவளுடைய தையல் நாடாவை வாங்கி முன் டயரைச் சுற்றி அளந்தேன். பின் டயரையும் அளந்தேன். சுற்றளவில் ஏறக்குறைய இரண்டு அங்குல வேறுபாடு. மணலில் சக்கரம் வழுக்கி அந்த வேறுபாட்டைத் தின்றுவிடும். தார் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறும். கையேட்டைப் புரட்டினேன். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. அந்தப் பக்கத்தை முன்பே படித்திருந்தேன். ஓரத்தில் என் பென்சில் கோடுகூட இருந்தது. மற்றக் கார்களுக்குரிய வழக்கத்தை இந்த வண்டிக்கும் பொருத்தியவன் நான்தான்.

"அந்தப் பிட்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும் என்ன செய்ய வேண்டுமென்று."

உண்மையில் தெரியவில்லை. கியர் விடுபட்டுவிட்டது. பின்னால் இரண்டு புது டயர்களைப் போட்டுவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியாது. எண்ணெயை மாற்றினேன், வண்டி சரியாயிற்று என்று சொன்னால் போதும். சபையும் நம்பும், தோட்டமும் நம்பும். அந்த மாலை முழுவதும் இந்த எண்ணம் என்னோடு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

திங்கட்கிழமை விடியலில் பிரட்டுக்குச் சென்றேன். ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பும் அந்தக் களத்தில் கிராணி சொல்வதை எல்லாரும் கேட்டாக வேண்டும். பெயர்ப் பட்டியலை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடாமல் நின்றேன். பிட்டர் பட்டறைக் கதவருகே இருந்தான்.

"என் வண்டி நின்றதற்கு எண்ணெய் காரணமில்லை. முன்னும் பின்னும் அளவு பொருந்தாத டயர்களைப் போட்டது நான். பிட்டர் செய்த வேலை சரியானது" என்றேன்.

பின்வரிசையில் பால்மரம் வெட்டும் பெண்ணொருத்தி, "கிராணியா சொல்றாரு?" என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டது என் காதில் விழுந்தது.

அலுவலகத்தில் பிட்டரை அழைத்துக் கேட்டேன். "எண்ணெய் மாற்றும்போது டயர்களை நீ பார்க்கவில்லையா?"

"பாத்தேங்க."

"ஏன் சொல்லவில்லை?"

அவன் தரையைப் பார்த்தான். "போன வருசம் பிரேக்கு பத்தி ஒண்ணு சொன்னேன். 'காலேஜுல படிச்சது நீயா, நானா?'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் யாருங்க வாயத் தொறப்பா?"

கடிதத்தை மேசையிழுப்பறையிலிருந்து எடுத்தேன். அதில் "கவனமாக வேலை செய்பவர்" என்று மட்டும் இருந்தது. அதைக் கிழித்துவிட்டு வேறொன்று தட்டச்சு செய்தேன். நான்கு சக்கர வண்டிகளின் கோளாறுகளை நன்கு அறிந்தவர் என்று அதில் சேர்த்தேன். ஏழு மணிக்குக் கையெழுத்திட்டு அவன் கையில் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை ஜித்ராவுக்குப் போனான். வேலை கிடைத்தது.

நான் அந்தக் கடிதத்தை நிறுத்திவைத்ததாகவும், மேலாளர் கண்டித்த பிறகே கொடுத்ததாகவும் சபையில் சிலர் இன்றுவரை சொல்லி வருகின்றனர். அது தவறு. சொன்னபடி திங்கட்கிழமையே கொடுத்தேன். மேலாளர் அந்த வாரம் முழுவதும் பினாங்கில் இருந்தார்.