பல்கனியில் மூன்று தேசிக்கன்றுகள்

நேற்றுக் கர்க்லாண்டில் ஒரு பூக்கடையில் எலுமிச்சை வகையான தேசியின் இலையொன்றைக் கசக்கி முகர்ந்தபோது, நோத்ர-டாம்-த-கிரேஸில் நாங்கள் குடியிருந்த, இப்போது இடித்துவிட்ட அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிப் பல்கனி கண்முன்னே வந்து நின்றது.

அப்பா ஊரில் இருந்தார். அவரை இங்கே கூப்பிடும் விசா அலுவல் இழுபட்டுக்கொண்டிருந்தது. தேசிக்காய் பிழியாத சொதி அவருக்கு இறங்காதென்று, அம்மா விதை ஊன்றி மூன்று கன்றுகளை வளர்த்தார். ஹீட்டர்ச் சூட்டில் இலை கொட்டிவிடுமென்று, பனியில் நிலம் வெளுக்கும்வரை அவற்றை உள்ளே எடுக்கமாட்டார். ஒக்டோபர் மாலைகளில் காலிப் பால் கான்களில் சுடுதண்ணீர் நிரப்பிச் சாடிகளுக்கிடையே வைத்து, தும்புத்தடிக் கம்புகளை நட்டு, இலையில் முட்டாமல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்துவார். காலையில் வெயில் விழுந்ததும் விலக்குவார். ஓரங்களுக்குக் கல் வைப்பது என் வேலை.

எனக்கு ஒன்பது வயதான ஒக்டோபரில் ஒருநாள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் மாலை காற்று விரிப்பைக் கிழித்துவிட, உள்ளே போய், அலுமாரியில் இரண்டு வருடமாகத் தொங்கிய புதுக் குளிர்க்கோட்டை எடுத்துவந்தார்.

"அம்மா, அது அப்பான்ர கோட்டெல்லோ? அவர் வந்தாப் போடுறதுக்கு?"

"ஓம் பிள்ளை. அவருக்கு இனிக் குளிராது."

அப்பா இல்லையென்று அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. அம்மா கோட்டைக் கன்றுகளின் மேல் விரித்து, சுற்றிவர இழுத்துவிட்டு, கழுத்துப் பொத்தான் வரை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.