முதல் படி: பெட்ரோல் உள்ளதா?

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நான் பெயர் பதிந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அங்கிருந்து அழைப்புக் கடிதம் வந்தபோது என் பெரியவள் நாலாம் வகுப்பில் இருந்தாள். நடுவில் பதினொரு வருடம் ஓடிவிட்டது. கணக்குப் பட்டதாரி ஆசிரியர் பணி, சான்றிதழ் சரிபார்ப்பு, செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடம், காலை பத்து மணி, அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும் என்று போட்டிருந்தது. கடைசி வரிதான் தூக்கத்தைக் கெடுத்தது. குறித்த நேரத்தில் வராதவர்களின் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடுமாம்.

அப்போது நாங்கள் கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்கு முன்னாலேயே செங்கல்பட்டில் இறங்கி, நிதானமாகத் தலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகலாம். நான் அதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"பதினோரு வருஷம் காத்திருந்துட்டு பஸ்ல கசங்கிப் போய் நிக்கணுமா? கார்ல ஜம்முனு போலாம். நேத்துதான் கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணேன்" என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் ஓட்டிப் பார்த்துக் கைகழுவிய வண்டி. பழுப்பு வெள்ளை நிறம், கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். கடல் காற்றுக்குக் கதவின் அடிப்பக்கம் பொரபொரவென்று உதிரும். அதெல்லாம் எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. ஒரே குறை, அது போகிற வழியில் நின்றுவிடும். அதிலும் எல்லா ஊருக்கும் நிற்காது. மாமல்லபுரம் போனால் நிற்காது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், சுண்டல் வாங்கித் தின்று, ராஜா வீட்டு வண்டி மாதிரி திரும்பி வரும். செங்கல்பட்டு போனால் மட்டும் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் இரண்டு முறை விக்கி, உயிரை விட்டுவிடும். நாங்கள் அரைமணி நேரம் போராடிய பிறகு, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

புதுப்பட்டினத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். பார்க்காத இடம் பாக்கி இல்லை. கடைசியில் அவரே அலுத்துப்போய், "இன்னா சார், செங்கல்பட்டு போனா மட்டும் நிக்குதுன்னா நான் இன்னா பண்றது? அந்த ஊரு அதுக்குப் புடிக்கல. வுட்டுடு" என்றார். என் வீட்டுக்காரருக்கு வேறொரு சித்தாந்தம். கடலோரச் சாலையில் காற்று எஞ்சினைக் குளிர்விக்கிறது, உள்ளே போகப் போகச் சூடேறுகிறது, அதனால் பெட்ரோல் பாதி வழியில் ஆவியாகிறது என்பார். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். வண்டிக்குத்தான் அது வந்ததில்லை.

அவருக்கு அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை. வால்வு, குழாய், இணைப்பு இவைதான் அவர் உலகம். அங்கே ஒரு திருகாணியைத் தொட்டாலும் எழுதி வைக்க வேண்டுமாம். செய்தவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து காருக்கு ஒரு நீள நோட்டுப் போட்டார். முன்பக்கத்திலிருந்து பழுதுகள். நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து மேம்பாடுகள். மேம்பாடு என்றால் வண்டி கேட்காமலே இவராகச் செய்த உபகாரங்கள். செய்தவர் அவர். சரிபார்ப்பதற்கு வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தோசைக்கல் காய்ந்துகொண்டிருக்கும்போது நோட்டை நீட்டுவார். என்னத்தையோ ஒழியட்டும் என்று மாவுக் கையோடு ஒரு கிறுக்குக் கிறுக்கிக் கொடுத்துவிடுவேன். ஒரு வரி படித்ததில்லை.

சரிபார்ப்புக்குப் போன அன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மடியில் சான்றிதழ் கோப்பு. வழியிலேயே புதுப்பட்டினத்தில் டேங்கை நிரப்பினார். பெட்ரோலுக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று வழியும்வரை போடச் சொன்னார். திருக்கழுக்குன்றம் வந்தது. மலைக்கோயிலைப் பார்த்து நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்கி இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். வண்டி விக்கியது.

"ஒண்ணுமில்ல" என்றார்.

இன்னொரு விக்கல். அப்புறம் சத்தமே இல்லை. சாலையோரப் புளியமரத்தடியில் தானாக உருண்டுபோய் நின்றது.

அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நாற்பது. வழக்கம்போல அவர் நோட்டை என்னிடம் கொடுத்து, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். நான் எழுத மாட்டேன் என்றேன். முதல் முறையாக அப்படிச் சொன்னேன். அவர் குனிந்து வேலையைப் பார்த்தார்.

டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்ப்பில், சூடு தணிய ஈரத்துணி சுற்றினார். கிளம்பவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். கிளம்பவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தார். அதற்குள் ஒரு பஸ் பின்னாலிருந்து வந்தது. நான் நடுரோட்டுக்கே போய்க் கையைக் காட்டினேன். படிக்கட்டில் தொங்கியவர்களில் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார். பஸ் நிற்கவில்லை. மணி ஒன்பது ஐந்து. பதினொரு வருடமும் இந்தப் புளியமரத்தடியில் முடிந்துபோகப் போகிறது என்றே நினைத்தேன். அவர் மேல் வந்த கோபத்தில் கண் இருட்டியது.

கோபத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் எனக்கு. மரத்தடியில் உட்கார்ந்து, அவர் கொடுத்த நோட்டைப் புரட்டினேன். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

செங்கல்பட்டு வழியில் வண்டி நின்ற கதைகள் ஒன்பதோ பத்தோ இருந்தன. அவருடைய அழகான கையெழுத்தில் வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். ஒரு தடவை, கடைசியாகச் செய்தது பம்ப்பில் ஈரத்துணி, வண்டி கிளம்பியது. காரணம்: சூடு. இன்னொரு தடவை, கடைசியாகச் செய்தது கண்டன்ஸர் மாற்றம், கிளம்பியது. காரணம்: கண்டன்ஸர். வேறொரு தடவை கார்புரேட்டர் ஊசியில் தூசு. ஒவ்வொரு தடவையும் கடைசியாக எதைச் செய்தாரோ அதுதான் வண்டியைக் குணப்படுத்தியது என்று எழுதியிருந்தார். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவே இல்லை.

நான் கணக்கு படித்தவள். குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து எண்களைக் கொடுத்தால் முதலில் பொதுக்காரணி எது என்று பார் என்பதுதான் நான் அவர்களிடம் ஓயாமல் சொல்வது. இங்கே பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. எல்லாப் பக்கத்திலும் முதல் வரி ஒரே வரி.

படி 1: பெட்ரோல் உள்ளதா? டேங்க் மூடி திறந்து ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தது. உள்ளது.

நான் எழுந்து போனேன்.

"இன்னிக்குப் பெட்ரோல் இருக்கான்னு பார்த்தீங்களா?"

"வழிய வழிய இப்பத்தானே போட்டோம்? அதை என்னத்தப் பார்க்க?" அவர் தலையை வெளியே எடுக்கவே இல்லை.

"சாவியைக் கொடுங்க."

"இது விளையாடற நேரமா?"

நான் ஜன்னல் வழியாக உள்ளே கைவிட்டுச் சாவியை உருவிக்கொண்டு பின்பக்கம் போனேன். டேங்க் மூடியில் போட்டுத் திருகினேன். மூடி லேசில் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தது. ஒரு கையால் காரை அழுத்திக்கொண்டு இழுத்தேன். உஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. வெளிக்காற்று டேங்குக்குள் போகிற சத்தம். மூச்சடக்கி முக்குளித்தவர் மேலே வந்து காற்றை இழுப்பாரே, அப்படி இருந்தது.

அந்தச் சத்தம் கேட்டு அவர் பானெட்டை விட்டுவிட்டு வந்தார். கையில் மூடியோடு நான் நின்றதைப் பார்த்தார்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

நாலாவது திருகலில் கிளம்பியது. கிளம்பியது மட்டுமில்லை, ஒரு விக்கல்கூட இல்லாமல் உறுமியது. அவர் இறங்கி வந்து மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்திருக்க வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டுமல்லவா, அதற்கான ஓட்டை. அதன் வழியாகக் காற்று வராமல் போனால் டேங்க் பெட்ரோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பம்ப்பால் இழுக்க முடியாது. டேங்க் நிரம்பி இருந்தால், உள்ளே காற்று குறைவு என்பதால், இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். மாமல்லபுரம் அருகில் இருந்ததால் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். அங்கே வண்டி நிற்கும் நேரத்தில் மூடியின் ரப்பர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போய்விடும். செங்கல்பட்டு எட்டாத தூரம். இதையெல்லாம் அவர் பிற்பாடு படம் போட்டு விளக்கினார். அப்போது அவர் சொன்னது ஒன்றுதான்.

"இந்த ஓட்டையில ஏதோ பூசியிருக்கு." அப்புறம் மெதுவாக, "நோட்டைக் கொடு" என்றார்.

பின்பக்கத்திலிருந்து புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, பெருவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு படித்தார். "டேங்க் மூடியில் சிறு துளை கண்டறியப்பட்டது. மழைநீரும் உப்புக்காற்றும் புக வாய்ப்பு. எபாக்சி பசை வைத்து அடைக்கப்பட்டது. கசிவு முற்றிலும் தடுக்கப்பட்டது."

அவர் வேலை பார்த்த இடத்தில் கசிவு என்பது கெட்ட வார்த்தை. ஓர் ஓட்டையைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஓட்டையை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. என் கொண்டை ஊசியை வாங்கி அங்கேயே குத்தித் துளையைத் திறந்தார். மணி ஒன்பது இருபது.

மிச்ச வழி முழுவதும் பொரிந்து தள்ளினேன். மூன்று வருஷமா இந்த ரோட்டுல நிக்க வெச்சீங்களே, எஞ்சினைப் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டீங்களே, அந்த மெக்கானிக்கைப் பைத்தியமா அடிச்சீங்களே, கடைசியில நீங்களே அடைச்சுட்டு நீங்களே தேடியிருக்கீங்களே, எழுதறதைப் படிச்சுப் பார்க்கிற பழக்கமே கிடையாதா என்று ஆரம்பித்தது, பள்ளிக்கூட வாசல்வரை நிற்கவில்லை. அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. வண்டியை மட்டும் விரட்டினார். ஒன்பது ஐம்பதுக்கு இறக்கிவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு உள்ள போ" என்றார்.

உள்ளே என் முறை பதினொன்றரைக்கு வந்தது. அதிகாரி ஒவ்வொரு சான்றிதழையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பதிவு எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். "எல்லாம் சரியா இருக்கும்மா, ஆர்டர் வீட்டுக்கு வரும்" என்றபோது சான்றிதழ்களை வரிசை மாறாமல் கோப்பில் அடுக்கினேன். சந்தோஷம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். தலையில் இருந்த சுமையை யாரோ இரண்டு கையாலும் இறக்கி வைத்தது போல இருந்தது.

வெளியே வந்தால் கார் வேப்பமர நிழலில் நின்றது. அவர் எதிர்ச்சாரிக் கடையில் டீக்காக நின்றுகொண்டிருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் கிடைத்துவிட்டது என்று காட்டினேன். தலையை மேலும் கீழும் ஆட்டி, இரு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் காருக்குள் உட்கார்ந்தேன். நோட்டு இருக்கையில் கிடந்தது.

காத்திருந்த நேரத்தில் அன்றைய பழுதை எழுதி முடித்திருந்தார். காரணம் டேங்க் மூடி. அடைத்தது நானே. திறந்தது என் மனைவி. வழக்கமாக அவர் கையெழுத்துப் போடும் 'செய்தவர்' என்ற இடம் காலியாக இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது.

பின்பக்கம் திருப்பி, காலையில் அவர் படித்த பக்கத்தைத் தேடினேன். மழைநீர், உப்புக்காற்று, எபாக்சி பசை, எல்லாம் அவர் படித்தபடியே இருந்தது. அதற்குக் கீழே, காலையில் அவர் பெருவிரல் இருந்த இடத்தில், காய்ந்த தோசைமாவுக் கறை. கறைக்குப் பக்கத்தில் என் கையெழுத்து.

அவர் இரண்டு டம்ளர் டீயோடு வந்து ஜன்னல் வழியாக ஒன்றை நீட்டினார். நான் அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"இதைக் காலையிலயே பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"பொறுப்பில்லாம நானும்தானே கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏன் சொல்லல? வழி முழுக்கத் திட்டினேனே."

"சொல்லியிருந்தா அழுதிருப்ப. அழுத கண்ணோட உள்ள போக வேணாம்னு பார்த்தேன்" என்றார். "டீ ஆறுது, குடி."

நான் டம்ளரை டாஷ்போர்டின் மேல் வைத்தேன். நோட்டை முன்பக்கம் திருப்பி, அவர் எழுதியதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மறுபடியும் படித்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'செய்தவர்' என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் எழுதினேன்.