பைகள் காத்திருந்த கடை

“தோட்டத்து ஆளுங்க நீங்க, சம்பளம் வாங்குன மறுநாள் பதுளைக்குச் சாமான் வாங்க வர்றவங்க. இந்த ஊர்க் கதைய நீ சொன்னா யாரு புள்ள கேப்பா?” என்றார் கடை முதலாளி.

அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடைவீதியில் மளிகை விற்கிறது. நான் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள். பட்டம் பெற்று, பதுளைப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்க வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மாணவர்களை ஊருக்குள் நடக்கவைத்துப் பாடம் சொல்லப் போகிறேன் என்று பெருமையாகச் சொன்னதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். பாடசாலை அதிபரும் ஒரு தடவைக்கே சம்மதித்திருந்தார். பிள்ளைகள் சலித்துப் போனால் திரும்பவும் பாடப்புத்தகம்தான்.

மலைநாட்டு ரயில் பாதை முடிகிற பதுளை நிலையத்தில் தொடங்கினோம். முதியங்கனை விகாரையின் மதிலோரம் நின்று இந்த ஊவாப் பிரதேசத்தை ஆண்ட இளவரசர்களைப் பற்றிச் சொன்னேன். இடி விழுந்து இறந்த வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டிய தேவாலயத்துக்கு வந்தபோது பின்னால் பேச்சும் சிரிப்பும் தொடங்கிவிட்டன.

“மிஸ், ஐஸ்கிரீம் கடைக்கும் வரலாறு இருக்கா?” என்றாள் ஒருத்தி.

திட்டமிட்டபடி அடுத்த இடத்துக்குக் கூட்டிப்போனேன். அது முதலாளியின் கடை.

“என்ன டீச்சரம்மா, கடைய வளைச்சிட்டீங்க! வாங்க வந்தீங்களா, வேடிக்கை பாக்க வந்தீங்களா?”

“வரலாறு சொல்ல வந்தேன் முதலாளி,” என்றுவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினேன். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பையை இந்தக் கடையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். சாயங்காலம் வரை ஒருவர் பையை எடுக்க வராவிட்டால் வார்டில் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தத் தோட்டத்துக்குப் போகிற யாரிடமாவது பையையும் சேதியையும் கடையிலிருந்தே கொடுத்தனுப்புவார்கள். போன் இல்லாத அந்த நாளில் நான் பிறந்த சேதியும் லயத்துக்கு அப்படித்தான் போனது.

“சேதி மட்டுமா போச்சு? நான் கல்கண்டும் கட்டிக் குடுத்தேன்! உங்கப்பன் இன்னைக்கு வரைக்கும் நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லல!” என்று முதலாளி குரல் கொடுத்தார்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அவரைச் சூழ்ந்தார்கள்.

“அங்கிள், யாருமே எடுக்க வராத பை இருந்திருக்கா?” என்று ஒருவன் கேட்டான்.

“இருந்திருக்கு மகன்,” என்று சொல்லித் தராசுத் தட்டைத் துடைத்தார். பிறகு பை வைக்கும் பலகையை அவரே காட்டினார். அன்றும் அதில் பைகள் இருந்தன. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்ப நான்தான் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

அதிபர் இன்னொரு நடைக்கும் சம்மதித்தார். அது எங்கள் தோட்டத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கும்.

“நானும் வரவா? எத்தன வருசமா பைய அனுப்புறேன், அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்ல,” என்றார் முதலாளி.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஆபீசுக்குப் போய் அனுமதி வாங்கிவிட்டேன். பஸ்ஸும் பேசியாயிற்று. முன் சீட் முதலாளிக்கு.