கேள்வி கேட்கிற வேலை

இன்று காலை பஸ் பிந்தி வந்தது. ஏறிய மூதாட்டி ஒருவர், ஏன் பிந்தியது என்று சாரதியைக் கேட்டார். சாரதி காரணம் சொல்லி, மன்னிப்பும் கேட்டார். ரொறொன்ரோ வந்து நான்கு வருடமாகியும் இதைப் பார்க்கும்போது என் நெஞ்சு ஒருதரம் இடிக்கத்தான் செய்கிறது. ஊரில் இருக்கிற உங்களுக்கு அது ஏனென்று விளங்கும்.

எனக்குக் கிடைத்த முதல் நல்ல வேலையே ‘ஏன்’ என்று கேட்பதுதான். பிஸ்னஸ் அனலிஸ்ட் என்பார்கள். கம்பனியில் யார் எதைச் செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்து, கணினிக்காரருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். இரண்டாம் மாத முடிவில் மேலாளர் சூசன் என் அறிக்கையை மேசையில் வைத்து, இதில் ஒரு ‘ஏன்’கூட இல்லையே என்றார். கூட்டங்களில் கேள்வி உண்டா என்றால் இல்லை என்றே சொல்கிறாய், வேலையில் விருப்பமில்லையா என்றும் கேட்டார். நானோ அதை நல்ல பிள்ளைக்கு அடையாளம் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் வயல் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மட்டக்களப்பு நகரிலிருந்து வாவியைக் கடந்து போக வேண்டும். கரையில் ஆமிக்காரரின் சென்றி, சண்டைக் காலச் சோதனை. யூரியா உரம் கொண்டுபோகத் தடை. வேளாண்மைப் பயிர் மஞ்சளாகிறதே என்ற வயிற்றெரிச்சலில் அப்பா ஒருநாள், ஏன் விடமாட்டீர்கள் என்று கேட்டுவிட்டார். மேசைக்குப் பின்னால் கொப்பியும் பேனையுமாய் இருந்தவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான். பொழுதுபடும்வரை அப்பாவை வெயிலில் நிற்க வைத்தான். நானும் பக்கத்தில் நின்றேன். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். எங்களுக்கோ வாயைப் பூட்டினால்தான் வாவியைத் தாண்டலாம்.

சூசன் சொன்ன மறுநாள் கம்பனியின் களஞ்சியத்துக்குப் போனேன். அங்கே மரியா என்ற பெண், சாமான் அனுப்பவென்று கணினியில் ஏற்கெனவே பதிந்த சில முகவரிகளைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொண்டிருந்தாள். பெட்டிகளுக்கு நடுவே நின்றவளை மறித்து, என் கொப்பியையும் பேனையையும் எடுத்து, ஏன் இரண்டு தரம் எழுதுகிறாய் என்று கேட்டேன். அவள் முகம் வெளிறிப்போனது. எல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அந்த முகத்தை நான் முன்பே வாவிக்கரையில் பார்த்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேச மட்டக்களப்பு நகரத்துத் தொலைபேசிக் கடைக்கு அப்பா வந்தார். சொன்ன நேரத்துக்கு மிகவும் பிந்தித்தான் வந்தார். ஏனென்று நான் கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று விசாரித்தார். சொன்னேன்.

“கேக்கிறத எழுதியும் எடுப்பியா?”

“ஓம் அப்பா.”

பிறகு சொன்னார்.

“சனத்த நிக்க வச்சுக் கேக்காத, மனே.”

திங்கட்கிழமை இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன். மரியா ஒரு கதிரையில் இருந்தாள். சற்று நேரத்தில் கொப்பியைத் தானாகவே விரித்துக் காட்டினாள். வயதானவர்கள் கதவடிக்கு வரச் சுணங்குவார்கள், சாமான் கொண்டுபோகிறவர்கள் காத்து நிற்க வேண்டும். அதை எழுதக் கணினியில் இடமில்லை, அதனால் அவர்களுடைய முகவரிகளைத் தனியாக எழுதி வைக்கிறாளாம். அந்த ஒரு ‘ஏன்’ என் வேலையைக் காப்பாற்றியது.

எழும்பும்போது மரியா மற்றக் கதிரையைக் காட்டி, இவ்வளவு நேரமும் நீ ஏன் இதில் இருக்கவில்லை என்று கேட்டாள். நின்றபடியே எழுதியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கொப்பியும் பேனையுமாய்க் கேட்டவனும் நான்தான். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தவனும் நான்தான்.