ராயபுரத்தில் ஹங்கேரிப் பாடம்

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருக்கும் நேரம் என்று எங்கள் ராயபுரத்து வீட்டில் ஒன்று இருந்தது என்றால், அது விடியற்காலையில் அவர் வந்து நான் கிளம்புவதற்கு இடையில் கிடைத்த கொஞ்ச நேரம்தான். என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஃபிட்டர். நைட் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு, சைக்கிளை மிதிக்கக்கூடத் தெம்பில்லாமல் உருட்டிக்கொண்டு வருவார். நான் பள்ளிக்கூட டீச்சர். குழாயடியில் சண்டை பிடித்துத் தண்ணீர் கொண்டுவந்து, அடுப்பு மூட்டி, சோறாக்கி வைத்துவிட்டு ஓட வேண்டியவள். அவர் படுக்கும்போது நான் கிளம்புவேன். நான் வரும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவருக்கு ஹங்கேரி மொழி சொல்லிக்கொடுத்தேன். நம்பத்தான் மாட்டீர்கள். எனக்கே இப்போது நினைத்தால் நம்பிக்கை வருவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் கம்பெனிக்கு ஹங்கேரி நாட்டிலிருந்து பின்னல் மெஷின்கள் வந்தன. மாட்டிக்கொடுக்க அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவரும் கூடவே வந்தார். ஃபிட்டர்களில் ஒரு ஆளை அவர்கள் ஊருக்கே கூட்டிப்போய்ச் சில மாதம் பழக்கி அனுப்புவதாகப் பேச்சு. போய்த் திரும்புகிறவர் மாஸ்டர் ஆகிவிடுவார். மாஸ்டருக்குப் பகல் வேலை மட்டும்தான். ஆனால் அங்கே தொழிற்சாலையில் இங்கிலீஷ் செல்லாதாம். அதனால் அவர்கள் பேச்சு கொஞ்சமாவது பிடிபடுகிற ஆளைத்தான் அனுப்புவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"பகல் வேலை புள்ள, பகல் வேலை" என்று என் வீட்டுக்காரர் இதையே இரண்டு முறை சொன்னார். மாஸ்டர் பட்டமோ பிளேன் பயணமோ அவருக்குப் பெரிதில்லை. ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்க வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மெஷினோடு ஒரு சின்னப் பாடப்புத்தகமும் வந்திருந்தது. ஹங்கேரி மொழியை இங்கிலீஷில் விளக்கும் புத்தகம். அவருடைய இங்கிலீஷ் பெல்ட், நீடில், ஆயில் என்பதோடு சரி. ஆகையால் நான் படித்து, எனக்குப் புரிந்ததை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். பகலெல்லாம் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு வீட்டிலும் ஒரு வகுப்பு. முதல் பக்கத்தைப் பிரித்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது.

நாலைந்து பக்கம் போனதும் கொட்டாவி நின்றது. அந்த மொழி நம் மொழி மாதிரியே நடந்தது. இங்கிலீஷ்காரன் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பதையெல்லாம் இவர்கள் நம்மைப் போலச் சொல்லின் கடைசியில் ஒட்டுகிறார்கள். ஹாஸ் என்றால் வீடு. ஹாஸ்பா, வீட்டுக்குள். ஹாஸ்பான், வீட்டில். ஹாஸ்போல், வீட்டிலிருந்து. வகுப்பில் வேற்றுமை உருபு என்று நான் கரும்பலகையில் எழுதிப் போடுவேனே, அதேதான். எங்கள் குடும்பத்துக்கு இதில் இரண்டே போதும். அவர் வீட்டுக்குள் வருவார், நான் வீட்டிலிருந்து போவேன், நடுவில் இருக்கும் 'வீட்டில்' எங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

ஒட்டும்போது ஓசையும் இணங்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஆ, ஓ என்று வாயின் பின்பக்கமிருந்து வரும் சொல்லுக்குப் 'பான்'. எ, ஏ என்று முன்பக்கம் வரும் சொல்லுக்குப் 'பென்'. கெர்ட் என்பது தோட்டம், தோட்டத்தில் என்றால் கெர்ட்பென். கெர்ட்பான் என்று சொன்னால் அவர்கள் காதுக்கு உறுத்துமாம்.

"அர்த்தம் ஒண்ணுதான, அதுக்கெதுக்கு ரெண்டு வாலு?" என்றார் என் வீட்டுக்காரர், காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, பாதிக் கண்ணை மூடியபடி.

"சொல்லுக்கு ஏத்த வாலுங்க. ஆட்டுக்கு மாட்டு வாலு வெச்சா நல்லாவா இருக்கும்?"

எண்ணெய்க்கு ஒலாய் என்று பெயர். எண்ணெயால் என்பதற்கு ஒலாய்யால். நம் 'ஆல்' அங்கே எப்படிப் போய் உட்கார்ந்தது என்று நான் வியந்துகொண்டிருக்கும்போது அவர் சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பார். எழுப்பினால், "ஒலாய், ஒலாய்" என்று உளறுவார். திட்டவும் மனசு வராது, விடவும் முடியாது.

ஒருநாள் மட்டும் முழுசாக விழித்து உட்கார்ந்தார். எங்கள் வீடு என்பதற்கு ஹாசுங்க் என்று நான் சொன்னபோது. "அட, அவங்களும் நம்மளாட்டவே 'ங்க' போட்டு மரியாதையாத்தான் பேசறாங்க!" என்று சிரித்தார். அது மரியாதை 'ங்க' இல்லை, 'எங்கள்' என்பதைக் குறிக்கிற ஒட்டு என்று விளக்கினேன். ஒட்டின்மேல் இன்னொரு ஒட்டும் ஏறும், எங்கள் வீட்டில் என்றால் ஹாசுங்க்பான் என்றேன். அதை அவர் பலமுறை சொல்லிப் பார்த்தார். மெஷின் பேச்சுக்காக 'இருக்கு', 'இல்லை' என்ற இரண்டையும் நன்றாகப் பழகிக்கொண்டார். வான் ஒலாய், எண்ணெய் இருக்கு. நிஞ்ச் ஒலாய், எண்ணெய் இல்லை.

புத்தகத்தில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. அப்பா, அம்மா, ஜெரெக். ஜெரெக் என்றால் குழந்தை. அந்தப் பக்கத்தை நான் வேகமாகத் தள்ளினேன். அவர் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் மோரைக் குடித்துவிட்டு, "விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று மெதுவாகத்தான் கேட்பார்கள். நானும் மெதுவாகவே, "இல்லீங்க" என்பேன். கணியூரில் என் அம்மா வீட்டிலும் அதே கேள்வி, பள்ளிக்கூடத்திலும் அதே கேள்வி, வளையல்காரியும் அதையேதான் கேட்பாள். ஒருத்தர் பகலிலும் ஒருத்தர் ராத்திரியிலும் வேலைக்குப் போகிற வீட்டில் விசேஷம் எங்கிருந்து வரும் என்று நான் யாரையும் திருப்பிக் கேட்டதில்லை. அந்த 'இல்லீங்க' சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

இன்ஜினியர் ஊருக்குத் திரும்புகிற வாரம் முதலாளி சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் அவருக்குச் சாப்பாடு, அப்படியே பேசிப் பார்த்துவிடட்டும் என்று. சோதனைதான், இலை போட்டு வைக்கிற சோதனை. நான் விடியும் முன்பே எழுந்து அரிசிம்பருப்புச் சோறும் ரசமும் வெல்லம் போட்ட கச்சாயமும் செய்தேன்.

முதலாளியும் இன்ஜினியரும் என் வீட்டுக்காரரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பொம்பளை பரிமாறலாம், விருந்தாளியோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. அதுதான் வழக்கம். நான் சமையலறைக் கதவோரம் நின்றேன். இன்ஜினியர் போதும் போதும் என்று கையை விரித்தார். போதும் என்றதும் நிறுத்துவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு என்பதால் நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.

அவர் தன் மொழியிலேயே நிறுத்தி நிறுத்திக் கேட்டார். மெஷின் நல்லா ஓடுதா? என் வீட்டுக்காரர், "இகென்" என்றார். ஆமாம் என்று அர்த்தம். எண்ணெய் போட்டாயா? "இகென்." எங்கள் ஊருக்கு வருகிறாயா? "இகென், இகென்." முதலாளி தலையாட்டினார். எனக்கோ, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு கேள்வி, அதோடு பகல் வேலை வந்துவிடும் என்று இருந்தது.

இன்ஜினியர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கேட்டார். "வான் ஜெரெக்?"

"இகென்" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் ரசச் சட்டியோடு இலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "நிஞ்ச்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில். கேள்வி எந்த மொழியில் வந்தால் என்ன, வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

இன்ஜினியர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். முதலாளி பெரிதாகச் சிரித்தார். "ஏப்பா, கொழந்தை இருக்குதான்னு கேட்டதுக்கா இருக்குதுன்னு சொன்னே? எதைக் கேட்டாலும் ஆமாங்கறதா?" என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்த அம்மாவை அனுப்புங்கள் என்று இன்ஜினியர் என்னைக் காட்டிச் சொன்னார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது முதலாளி என்னிடம், "சோறு நல்லா இருந்துச்சுங்க டீச்சரம்மா. மத்ததப் பாக்கலாங்க" என்றார். எங்கள் ஊரில் பார்க்கலாங்க என்றால் இல்லை என்று அர்த்தம். சின்னக் குழந்தைக்கும் அது தெரியும்.

அவர்கள் போன பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தேன். கோபம் கோபமாக வந்தது. "அத்தனை காலைல உக்காந்து சொல்லிக் குடுத்தனே. வான், நிஞ்ச். அது ரெண்டு கூடவாங்க புரியல?" என்று கேட்டேன்.

அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"புரிஞ்சுது புள்ள. அவன் கேட்டதுல அது ஒண்ணுதான் முழுசாப் புரிஞ்சுது. நாளைக்கு ஊருக்குப் போயிருவான், அப்புறம் ஏன் எதுக்குன்னு கேக்க வரமாட்டான். எல்லார்கிட்டயும் இல்லீங்க இல்லீங்கன்னே சொல்லிட்டிருக்கிறோம். ஒருத்தன்கிட்டயாவது இருக்குதுன்னு சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு."

நான் கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். அங்கே நின்று அழுதேன்.

அன்று ராத்திரியும் அவர் வழக்கம்போல நைட் ஷிப்டுக்குப் போய், மறுநாள் விடியலில் வந்தார். நான் காபியை வைத்தேன், புத்தகத்தை எடுக்கவில்லை. இனி அது எதற்கு? அவரே பரண்மேலிருந்து எடுத்து வந்து, அந்தக் குடும்பப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

"நம்ம கொழந்தைன்னு எப்படிச் சொல்றது?"

"ஜெரெகுங்க்" என்றேன்.

"நம்ம கொழந்தை கூடன்னா?"

"ஜெரெகுங்க்கெல்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஒரு வாலும் விடவில்லை, ஒன்றைக்கூட மாற்றி ஒட்டவில்லை. பிறகு காபியைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்தார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.